தரையில் சொட்டு இல்லை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது: ஹெட்டைக் கழற்றும் முன்

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: “அப்பச்சி ஓட்டிய 1967 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் என்னிடம் இருக்கிறது. ஞாயிறுதோறும் பிள்ளையார்பட்டி வரை போய்வருவேன். வண்டி ஆறியதும் பார்த்தால் ரேடியேட்டரில் கால் லிட்டர் அளவு குறைந்திருக்கிறது. கழுத்துவரை போர் தண்ணீர் ஊற்றி நிரப்புகிறேன், மறுவாரமும் அதே குறைவு. தரையில் சொட்டு இல்லை, வெப்ப மீட்டர் முள்ளும் ஏறவில்லை. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?”

இப்போது பிரிக்காதீர்கள். (ஹெட் என்பது இன்ஜினின் மேல்பகுதி. அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கெட்.) ‘கழுத்துவரை நிரப்புகிறேன்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான்.

உங்கள் வருடத்து எம்ஜிபியில், வழிந்ததைப் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும் தனித் தொட்டி கிடையாது. மொத்தம் ஐந்தரை லிட்டர் போலத் தண்ணீர் பிடிக்கும். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 90 டிகிரிக்குச் சூடானால் சுமார் 3 சதவீதம் விரியும், அதாவது 150 மில்லிக்கு மேல். கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் துருத்தடுப்புத் திரவம்) கலந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். விரிவதற்கு உள்ளே இடம் இல்லையென்றால் மூடியைத் தூக்கிக்கொண்டு சின்னக் குழாய் வழியாக ரோட்டில் போய்விடும். ஓடும்போது சிந்துவதால்தான் வீட்டுத் தரையில் எதுவும் தெரிவதில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறு எதுவும் ஊற்றாமல் ஓட்டிப் பாருங்கள், முதலில் பக்கத்திலேயே. அந்தச் சின்னக் குழாயின் முனையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டிவிடுங்கள், காற்றுப் போக வழி விட்டு. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே தெரியும் குழாய்களின் வாய் மூழ்கியிருந்தால் போதும். மட்டம் அதே இடத்தில் நின்றுவிட்டால் வண்டியில் கோளாறே இல்லை.

மட்டம் இறங்கிக்கொண்டே போனால், போனதெல்லாம் பாட்டிலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் மூடியை மாற்றுங்கள். ஸ்பிரிங் தளர்ந்தாலும் ரப்பர் காய்ந்தாலும் அழுத்தம் நிற்காது. உங்கள் வண்டிக்கு 7 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்தம் தாங்கும் மூடி, பின்னால் வந்தவற்றுக்கு 10. அந்த 7 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் 111 டிகிரி வரை கொதிக்காது. ‘பலமாக இருக்கட்டும்’ என்று 15 பவுண்டு மூடி போட்டுவிடாதீர்கள், பழைய ரேடியேட்டரில் பற்றவைத்த இணைப்புகள் விட்டுப்போகும்.

பாட்டில் காலியாக இருந்து மட்டமும் இறங்கினால் வேறெங்கோ கசிகிறது. இரவில் வண்டிக்கு அடியில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து வையுங்கள். ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலையில் ஒரு சொட்டு கண்ணில் படாது, வேட்டியில் படும். அப்புறம் ரேடியேட்டர் கடையில் கைப்பம்பு வைத்து, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, மூடியின் அளவுக்கே அழுத்தம் ஏற்றி 15 நிமிடம் விடச் சொல்லுங்கள். முள் இறங்கினால் டார்ச் அடித்துத் தேட வேண்டும்: வாட்டர் பம்புக்கு அடியிலுள்ள சின்ன ஓட்டை, ஹோஸ் கிளிப்புகள், பிளாக்கின் பக்கவாட்டில் துருப்பிடித்த வெல்ஷ் பிளக்குகள் (பிளாக்கின் ஓட்டைகளை அடைக்கும் தகட்டு மூடிகள்), கால் வைக்கும் இடத்துக் கார்பெட். ஹெட்டின் பின்பக்கம் இருக்கும் ஹீட்டர் வால்வை விட்டுவிடாதீர்கள். அங்கே கசிவது சூட்டில் அப்படியே காய்ந்து, வெள்ளைக் கறை மட்டும் மிஞ்சும். இந்த வால்வு கசிந்ததற்காக ஹெட்டையே கழற்றிய ஒரு வண்டியைப் பார்த்திருக்கிறேன், இன்றும் மனசு ஆறவில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் ஹெட் கேஸ்கெட் பக்கம் போக வேண்டும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? நான்கு ஸ்பார்க் பிளக்கில் ஒன்று மட்டும் கழுவியது போலப் பளிச்சென்று இருக்கிறதா? ஆயில் பால் கலந்தது போல இருக்கிறதா? (ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் வெண்மை படிந்திருந்தால் பயம் வேண்டாம், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அது வரும்.) ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவம் மஞ்சளானால், எரிந்த புகை தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம். அப்போது பிரிக்கலாம்.

மீட்டர் முள் ஏறவில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். தண்ணீர் வெகுவாக இறங்கி உணரும் குமிழ் காற்றில் நின்றுவிட்டால், இன்ஜின் கொதிக்கும்போதும் முள் இறங்கிக் காட்டலாம்.

போர் தண்ணீரை இனி ஊற்றவே வேண்டாம். நம் பக்கத்துக் கடின நீர் உள்ளே உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். முற்றத்து மழைத் தண்ணீரைப் பிடித்துச் சமைத்த வீடுகள் நம்முடையவை, மென்னீரின் அருமை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் இன்ஜினுக்கு டிஸ்டில்டு வாட்டரே நல்லது. பழைய உப்பைக் கழுவி எடுத்துவிட்டு, இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டருக்கு ஒரு பங்கு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். இரும்பு பிளாக், பித்தளை ரேடியேட்டர் என்று சொல்லி, பழைய வண்டிக்கான ரகத்தைக் கேட்டு வாங்குங்கள், நிறத்தை நம்பாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். சிந்தியதை நாய் நக்காமல் உடனே கழுவிவிடுங்கள். கசிவை அடைக்கும் பவுடர் எதையும் போடாதீர்கள், அது நல்ல குழாய்களையும் அடைக்கும்.

இரண்டு ஞாயிறு கழித்து, குச்சியில் எத்தனை அங்குலம் இறங்கியது, பாட்டிலில் எத்தனை மில்லி சேர்ந்தது என்று எழுதுங்கள். அதுவரை மெக்கானிக்கைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.