அமாரியின் இருபது ஆண்டுகள்

அன்புள்ள ஐயா,

ஜப்பானியக் கணிதப் பொறியியலாளர் ஷுன்-இச்சி அமாரிக்கு 2025ல் கியோட்டோ பரிசு கிடைத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு நரம்பு வலை ஆய்வுக்காக ஹாப்ஃபீல்டுக்கும் ஹிண்டனுக்கும் இயற்பியல் நோபல் கொடுத்தவர்கள் அவரை விட்டுவிட்டார்களே, ஆசியர் என்பதால் நடந்த அநீதிதானே இது? இன்னொன்று: என் மகள் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அதை விட்டுவிட்டு ஏஐ கோர்ஸில் சேரச் சொல்கிறோம், அசைய மறுக்கிறாள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அன்று நானும் அமாரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பரிசுப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். இன்றைய ஏஐக்கு அடிப்படையான பல அடுக்கு நரம்பு வலைக்கு, ஒவ்வொரு எடுத்துக்காட்டு வரும்போதும் அதன் எடைகளை, அதாவது இணைப்புகளின் பலத்தைச் சொல்லும் எண்களை, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக் கற்பிக்கும் முறையை அவர் 1967ல் எழுதினார். ஹிண்டனும் சேர்ந்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1986ல் வந்தது. நினைவை மீட்கும் வலையை அமாரி 1972ல் எழுதினார், ஹாப்ஃபீல்ட் 1982ல். தேதிகள் அச்சில் இருக்கின்றன, யாராலும் அழிக்க முடியாது. தேர்வுக்குழுவின் மனசுக்குள் புகுந்து பார்க்க என்னால் ஆகாது. விடுங்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அந்த மனிதரின் அறுபது வருட உழைப்பில் உங்களுக்குத் தெரிந்தது, அவருக்குக் கிடைக்காத ஒரு பதக்கம் மட்டும்தானா? அவர் என்ன கணக்குப் போட்டார் என்று ஒரு வரி கேட்டீர்களா?

நான் கேட்டிருக்கிறேன், அதுவும் அவர் பெயர் தெரிவதற்கு முன்பே. எம்.எஸ்சி. வகுப்பில் எங்கள் புள்ளியியல் வாத்தியார் ஒருநாள் கரும்பலகையில், மதிப்புகள் நடுவில் குவிந்து இருபுறமும் குறைவதைக் காட்டும் இரண்டு மணிவளைவுகள் வரைந்தார், ஊசி மாதிரி ஒல்லியாக. ஒன்றின் நடு பூஜ்யம், மற்றதன் நடு ஒன்று. “இரண்டுக்கும் எவ்வளவு தூரம்டா?” என்றார். “ஒன்று சார்” என்றேன். அழித்துவிட்டு, அதே பூஜ்யத்திலும் ஒன்றிலும் இரண்டு பரந்த மேடுகளை வரைந்தார், ஒன்றின்மேல் ஒன்று கிட்டத்தட்ட படுத்துக்கிடந்தது. “இப்போ?” எனக்கு வாய் வரவில்லை. சட்டை முழுக்கச் சாக்பீஸ் தூளோடு நின்று சிரித்தார்.

தங்கக்கடைத் தராசில் ஒரு கிராம் வித்தியாசம் வந்தால் சண்டை வரும். லாரி எடைமேடையில் அதே ஒரு கிராமை யார் பார்க்கிறார்கள்? எண் ஒன்றுதான், ஆனால் தூரம் வேறு. அந்தத் தூரத்தை அளக்க தரவு ஒரு எண்ணைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்று காட்டும் ஃபிஷரின் தகவல் அளவையையே அளவுகோலாக வைக்கலாம் என்று 1945ல் கல்கத்தாவிலிருந்து எழுதியவர் புள்ளியியலாளர் சி.ஆர்.ராவ். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூடச் சரியாக ஆகவில்லை. அதே கட்டுரையில் இருக்கும் இன்னொரு தேற்றம், வகுப்பில் ஒரு மாணவர் கேட்ட கேள்விக்காக ராவ் இரவோடு இரவாக உட்கார்ந்து நிறுவியது. வாத்தியார் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. வாத்தியார் பெயரில் ஒரு கட்டுரைகூட அச்சானதில்லை.

1950களின் இறுதியில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில், கணிதப் பொறியியல் துறையில், முதுகலை மாணவராக இருந்த அமாரி இதே அளவுகோலை எடுத்து மணிவளைவுகளின் குடும்பம் முழுவதற்கும் கணக்குப் போட்டார். கிடைத்தது தட்டையான தாள் இல்லை. எந்தப் புள்ளியில் நின்றாலும் குதிரைச் சேணம்போல ஒரே அளவில் வளைந்திருக்கும் வெளி. அழகில் சொக்கிப்போனார். ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. எடுத்து வைத்துவிட்டார். கியூஷுவுக்கு வேலைக்குப் போனார், நரம்பு வலைகளை எழுதினார், டோக்கியோவுக்குத் திரும்பினார். நீங்கள் சண்டை போடும் 1967ம் 1972ம் இந்த இடைவெளியில் வந்தவைதான்!

இருபது வருடம் கழித்து அந்தச் சேணத்துக்கே திரும்பினார். 1975ல் அமெரிக்காவில் எஃப்ரான் என்ற புள்ளியியலாளர் புள்ளியியலில் வளைவைப் பற்றி எழுதியது தூண்டியது. 1982ல் அமாரியின் கட்டுரை வந்தது. நிகழ்தகவு வளைவுகளை இப்படி வடிவியலாகப் பார்க்கும் தகவல் வடிவியல் என்று ஒரு துறையே எழுந்தது. 1998ல் அந்த வடிவியலை வலைகளுக்குள் கொண்டுபோனார். எடைகளைத் திருத்தும்போது எண் எவ்வளவு மாறியது என்று பார்க்காதே, வலையின் பதில் எவ்வளவு மாறியது என்று அளந்து அடியெடுத்து வை என்றார். சொல்ல எளிது, செய்யச் செலவு பயங்கரம். லட்சம் எடைகள் உள்ள சின்ன வலைக்கே அந்த அளவுகோல் அணியில் (மேட்ரிக்ஸில்) ஆயிரம் கோடி எண்கள். அதனால் தோராயமாக்கும் வழிகளை இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மாணவனாக முதலில் போட்ட கணக்கு இயந்திரத்துக்குள் போய்ச்சேர நாற்பது வருடம் ஆகியிருக்கிறது. அன்று யாராவது அவரிடம் “இதனால் என்ன பிரயோஜனம், வேறு கோர்ஸில் சேர்” என்று சொல்லியிருந்தால்?

உங்கள் மகள் விஷயம். அவள் அசைய மறுக்கிறாள் என்று குறைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கவேண்டும்போல இருக்கிறது. இரண்டாம் ஆண்டு என்றால் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் கைக்கு வந்திருக்கும். அந்த இரண்டு மணிவளைவுகளை அவளிடம் வரைந்து காட்டி, எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். பதிலை அவளே எனக்கு எழுதட்டும், அவளுக்காக நீங்கள் எழுதவேண்டாம்.