மொய் எழுதத் தெரிந்தவருக்குப் பில் எழுதக் கூச்சமா?

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு டிசைன் ஆபீஸ் வைத்திருக்கிறேன். மாமா முறை உள்ள ஒருவரின் பனியன் கம்பெனிக்கு லோகோ, பெட்டி டிசைன், கேட்டலாக் எல்லாம் முடித்து, ஃபைலையும் கொடுத்து 14 மாதம் ஆகிறது. பேசியது 68,000 ரூபாய். சொந்தம் என்பதால் பில் போடவில்லை. கேட்டால், “ஷிப்மெண்ட் போகட்டும் மாப்ளே, பாத்துக்கலாம்” என்கிறார். போன மாதம் அவர் மகள் கல்யாணத்தில் 5,001 மொய் வைத்துவிட்டு வந்தேன், அங்கேயும் கேட்க மனசு வரவில்லை. என்னிடம் வேலை செய்யும் பையனுக்கே இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அப்பாவோ கேட்கவே கூடாது என்கிறார். உறவு கெடாமல் எப்படி வசூலிப்பது?

பதில்: வசூல் இருக்கட்டும். போகிற போக்கில் 5,001 மொய் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பணம் ஏது? பையனுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் தராதவர் கையில் மொய்க்கு மட்டும் எப்படி இருந்தது? அது அவன் பணம். மாமா உங்களுக்குச் செய்வதைத்தான் நீங்கள் அவனுக்குச் செய்கிறீர்கள். அவனுக்கும் வீட்டு வாடகை இருக்கும், அம்மா இருப்பாள். நம்பி வேலைக்கு வந்தவனுக்குக் கொடுத்த பிறகுதான் மாமன் மச்சான் எல்லாம். என்னிடம் இதற்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

இன்னொன்று. மண்டபத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தவர் உங்கள் பெயர், அப்பா பெயர், ஊர், தொகை எல்லாம் கேட்டு எழுதினாரே, அப்போது உறவு கெட்டதா? அந்த நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பி வைப்பார்கள். சொந்தத்துக்குள்தான் நாம் ஒரு ரூபாய் விடாமல் எழுதுகிறோம். நீங்கள் பில் போடாததற்கு மரியாதை என்று பெயர் வைக்காதீர்கள், அது பயம். அப்பா சொல்வதும் அதேதான். வயதில் பெரியவர், அதனால் இதோடு விடுகிறேன்.

மாமா கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை சம்பளம் போடாவிட்டால் திங்கட்கிழமை மிஷின் ஓடாது. சாயப்பட்டறைக்குப் பணம் போகாவிட்டால் துணி வராது. உங்களுக்குக் கொடுக்காவிட்டால் அவருக்கு எது நிற்கிறது?

சரி, இந்த வாரமே பில் போடுங்கள். என்ன வேலை, என்றைக்குக் கொடுத்தது, எவ்வளவு என்று எழுதி, நேரில் போய்க் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கையெழுத்து முக்கியம். மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் கடன் காலாவதி. ‘இவ்வளவு பாக்கி உண்டு’ என்று அதற்குள் அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த மூன்று வருடம் அன்றிலிருந்து மறுபடி தொடங்கும். “பாத்துக்கலாம்” என்று வந்த வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள்.

சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் போடுங்கள், காசு கிடையாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு இப்படி இழுத்தடித்த பணத்தைக் கொடுக்கும்வரை செலவுக் கணக்கில் காட்ட முடியாது என்று 2024-இல் வருமான வரி விதியும் வந்துவிட்டது. மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே அவரைத் துரத்துவார். ஆனால் இந்தப் பழைய பாக்கிக்கு, வேலை செய்தபோது பதிவு இருந்ததா என்ற கேள்விதான் முதலில் வரும். இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ்தான் வழி. பதிவு இருந்திருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்து, சிறு தொழில்களின் பாக்கிப் பணத்துக்கான அரசு இணையதளத்தில் புகார் போடலாம்.

அதற்கு முன் ஒரு தடவை அவர் வீட்டுக்கே போங்கள். அத்தையும் இருக்கும்போது, “மாமா, பையனுக்குச் சம்பளம் நிக்குதுங்க. இன்னைக்குப் பாதியாவது குடுங்க, மீதிக்குத் தேதி சொல்லுங்க” என்று கேளுங்கள். கொடுத்தால் பணத்தோடு நேராகப் பையனிடம் போங்கள். தேதி சொல்லாமல் மழுப்பினால் மறுநாளே நோட்டீஸ் அனுப்புங்கள்.