கில்லர் டி செல், கிரான்சைம்: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மைக்ரோபயாலஜி படிக்கிற மாணவி: அக்கா, பெர்ஃபோரின் ஓட்டை போட்டதும் செல் செத்துடும்னு எங்க நோட்ஸ்ல இருக்கு. அப்ப கிரான்சைம் எதுக்கு?

நோட்ஸ் பாதிதான்மா சொல்லுது. கில்லர் டி செல்ங்கிறது வைரஸ் புகுந்த செல்லையும் கேன்சர் செல்லையும் கொல்ற வெள்ளை அணு. அது தனக்குள்ள குட்டித் துகள்கள்ல பெர்ஃபோரின், கிரான்சைம்னு புரதங்கள வச்சிருந்து இலக்கு செல் மேல விடும், பெர்ஃபோரின் அந்த செல்லோட சவ்வுல ஓட்டை போடும். ஓட்டை விழுந்தா கால்சியம் உள்ள ஏறும், அதைப் பாத்ததுமே அந்த செல் ரிப்பேர் வேலைய ஆரம்பிச்சு சீக்கிரமே அடைச்சுக்கும். அந்த கேப்ல கிரான்சைம் உள்ள நுழைஞ்சுடுது, நெஜமா கொல்றது அதுதான். கிரான்சைம்ல சில வகை உண்டு, அதுல கிரான்சைம் பி ஒரு புரோட்டியேஸ், அதாவது புரதத்தை வெட்டுற என்சைம், அஸ்பார்டிக் ஆசிட் இருக்குற எடம் பாத்து வெட்டும். செல்ல தற்கொலை பண்ண வைக்கிற காஸ்பேஸ்-3ங்கிற என்சைம வெட்டி உசுப்பி விடும், பிட்னு இன்னொரு புரதத்தையும் வெட்டும், அந்தத் துண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போயி சைட்டோகுரோம் சி-ங்கிற புரதத்த வெளிய கசிய விடும், அதுக்கப்புறம் அந்த செல் தன்னைத்தானே முடிச்சுக்கும். மனுஷ கிரான்சைம் பி-க்கு பிட் வழி ரொம்ப முக்கியம், எலியோடது நேரா காஸ்பேஸ வெட்டத்தான் பாக்கும். எலியில பாத்தத அப்படியே மனுஷனுக்கு எழுதிடாத, எக்ஸாம்லயும் சரி லேப்லயும் சரி.

பள்ளி ஆசிரியர்: மேடம், இவ்ளோ விஷத்தை வச்சிருக்குற டி செல் ஏன் சாக மாட்டேங்குது? பசங்க கேட்டாங்க, முழிச்சேன்.

நல்ல பசங்க சார். துகளுக்குள்ள இருக்குற வரைக்கும் அமிலத்தன்மை ஜாஸ்தி, செர்கிளைசின்னு ஒரு மூலக்கூறு கிரான்சைம கட்டி வச்சிருக்கும், அதனால சும்மா கெடக்கும். வெளிய விடும்போது டி செல்லோட சவ்வுல கொழுப்பு ரொம்ப நெருக்கமா அடுக்கியிருக்கும், பெர்ஃபோரின் ஒட்டாது. அப்படியும் தப்பித்தவறி உள்ள வந்துட்டா செர்பின் பி9னு ஒரு புரதம் கிரான்சைம் பி-ய புடிச்சு முடக்கிடும். இதே செர்பின் பி9ஐ சில கேன்சர் செல்லும் தயாரிச்சு தப்பிச்சுக்குது, சளி காய்ச்சல் கொடுக்குற அடினோவைரஸும் 100கே-ங்கிற தன்னோட புரதத்த வச்சு இதே வேலைய பண்ணுது.

ஒரு வாசகர்: எப்பவும் பி பத்தியே பேசுறீங்க, மத்தது?

மனுஷனுக்கு ஏ, பி, எச், கே, எம்னு அஞ்சு. ஏ ரொம்ப நாளா புரியாத கேஸா இருந்துச்சு. 2020ல தான் அது கேஸ்டர்மின் பி-ய (வெட்டுபட்டா செல் சவ்வுல ஓட்டை போடுற புரதம்) வெட்டி செல்ல வீங்க வச்சு வெடிக்க விடுதுன்னு காட்டினாங்க, அதே வருஷம் கிரான்சைம் பி-யும் கேஸ்டர்மின் ஈ-ய வெட்டி அப்படியே பண்ணும்னு வந்துச்சு. அதாவது எல்லா சாவும் சத்தமில்லாத சாவு இல்ல, சிலது அக்கம்பக்கத்து எதிர்ப்பு செல்லுகள எழுப்பி விடுற சாவு. கேன்சர் ஆராய்ச்சிக்காரங்க குஷியானது இதனாலதான்.

ஒரு அம்மா: என் அக்கா பையனுக்கு எச்எல்எச் (எதிர்ப்பு சக்தி அடங்காம வெறியாகுற நோய்), பெர்ஃபோரின் ஜீன்ல கோளாறுன்னு சொல்லிருக்காங்க. எதிர்ப்பு சக்தி குறைஞ்சா காய்ச்சல், மண்ணீரல் வீக்கம்னு ஏன் இப்படி அதிகமாகுது?

கேள்வி ரொம்ப சரியானதுங்க, நிறைய பேருக்கு கொழப்புற எடம் இதுதான். பெர்ஃபோரின் இல்லன்னா கிரான்சைம் இருந்தும் இலக்குக்குள்ள போக வழியில்ல, அந்த செல் சாகல. சாகாததால கில்லர் செல் அதை விட்டு நகராம ஒட்டிக்கிட்டே இண்டர்ஃபெரான் காமாங்கிற சிக்னல் புரதத்த கொட்டிக்கிட்டே இருக்கும், அது கிருமிகள முழுங்குற மேக்ரோபேஜ் செல்லுகள வெறியேத்தி விடும், அதுங்க ரத்த செல்லுகளயே முழுங்க ஆரம்பிச்சுடும். காய்ச்சல், ரத்த செல் குறையுறது, ஃபெரிட்டின் (இரும்ப சேமிக்குற புரதம்) ஏறுறது எல்லாம் அதோட விளைவு. பெர்ஃபோரின் ஜீன் காரணம்னு 1999ல கண்டுபுடிச்சாங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் கோளாறான அந்த ஜீன்ல ஒரு பிரதிய சுமந்தா ஒவ்வொரு குழந்தைக்கும் 25% வாய்ப்பு, நம்மூர்ல மாமன் மகள், அக்கா மகள்னு கட்டுற குடும்பங்கள்ல இந்த மாதிரி நோய்க்கு வாய்ப்பு கூடும், யாரையும் கொற சொல்றதுக்கு இல்ல, அடுத்த குழந்தைக்கு முன்னாடி ஜெனடிக் கவுன்சிலிங் போகணும்னு சொல்ல வர்றேன். மொதல்ல டெக்சாமெத்தசோன், எட்டோபோசைட் மாதிரி மருந்தால நெருப்ப அடக்குவாங்க, நிரந்தரத் தீர்வு எலும்பு மஜ்ஜை மாற்றுதான். குழந்தைகளுக்கான ரத்தநோய் டாக்டர்கிட்ட இருக்கீங்களான்னு உறுதி பண்ணிக்கோங்க, நாள் கடத்தாதீங்க.

இன்னொருத்தர்: கிரான்சைம் கூட்டுற சப்ளிமென்ட் ஏதாச்சும் சொல்லுங்க மேடம்.

இல்ல. விக்கிறவன் சொன்னாலும் வாங்காதீங்க.

ஓய்வுபெற்ற ஒருத்தர்: எனக்கு முடக்குவாதம். அதுக்கும் இதுக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டுங்கய்யா, ஆனா இங்க ஆள் பி இல்ல, கே. வீங்கின மூட்டுல வந்து குவியுற சிடி8 டி செல்லுகள் (கில்லர் டி செல் வகைதான்) நெறைய கிரான்சைம் கே-ய வச்சிருக்கு. இது எந்த செல்லுக்குள்ளயும் போகாம வெளியில இருந்தபடியே காம்ப்ளிமென்ட் புரதங்கள (கிருமிய எதிர்க்க ஒண்ணு ஒண்ண உசுப்புற ரத்தப் புரத வரிசை), அதுல சி4, சி2 ரெண்டையும் வெட்டி அந்த மொத்த வரிசையயும் கெளப்பி விடுது, சமீபத்துல வந்த ஆய்வு இது. கிரான்சைம் பி-யும் வெளிய கசிஞ்சா சும்மா இருக்காது, தோல்ல செல்லுகள தாங்குற புரதங்கள அறுக்கும், பெம்ஃபிகாய்டுங்கிற கொப்புள நோய்ல அதுக்கு பங்கு இருக்கு. முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிட்டா அத இதுக்காக மாத்திராதீங்க, கே-ய தடுக்குற மாத்திரை இன்னும் மெடிக்கல் ஷாப்புக்கு வரல.