பெர்த்தில் துடிப்பு, மெல்போர்னில் மௌனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கிரிக்கெட் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன். 2024-25-ல் ஆஸ்திரேலியாவில் இந்தியா ஆடிய பார்டர்-கவாஸ்கர் டெஸ்ட் தொடரின் காணொளிகளை மறுபடி பார்த்தேன். பழைய எரிச்சல் அப்படியே திரும்பிவிட்டது. பெர்த்தில், மைக்கில் பதியும் சத்தத்தைக் கோடாகக் காட்டும் ஸ்னிக்கோவில் ஒரு துடிப்பைக் காட்டி கே.எல். ராகுலுக்கு அவுட் கொடுத்தார்கள். மெல்போர்னில் ஜெய்ஸ்வாலுக்குத் துடிப்பே இல்லை, அப்போதும் அவுட். வந்தாலும் அவுட், வராவிட்டாலும் அவுட் என்றால் அந்தக் கருவி எதற்கு?

இன்னொன்று. ரோஹித்தும் கோலியும் அந்தத் தொடரில் சொதப்பியபோது எங்கள் வாட்ஸாப் குழுவில் பாதிப் பேர் "கதை முடிந்தது" என்றார்கள், மீதிப் பேர் "ஒரு சதம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார்கள். ஃபார்ம் போய்விட்டதா என்பதை எங்களைப் போன்றவர்கள் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

கடைசியாக ஒரு வருத்தம். கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன், இந்தியா தோற்ற அன்று அம்பயரின் பெயரைத் தேடிப்பிடித்து இன்ஸ்டாகிராமில் கண்டபடி எழுதுகிறான். கேட்டால், "மாமா, அந்த ஆள் செஞ்சது மட்டும் சரியா?" என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

அன்புடன்,
ஆர்., ஈரோடு

*

அன்புள்ள ஆர்.,

பெர்த்தில் நம்மவர்கள் சொன்னது: "துடிப்பை நம்பாதே, கண்ணால் பார்." மெல்போர்னில் சொன்னது: "கண்ணை நம்பாதே, துடிப்பு எங்கே?" இரண்டுக்கும் நடுவே ஆறு வாரம்கூட இல்லை. ஆனாலும் இரண்டு தீர்ப்புகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முதலாவதில் எனக்குக் குறை தெரிகிறது, இரண்டாவதில் தெரியவில்லை.

ஒரு சொல் விளக்கம் முதலில். தமிழ் எழுத்தில் ஆடும் கட்டையும் காலில் கட்டுவதும் "பேட்" என்றே வந்து நிற்கும். இங்கே முன்னதை மட்டை என்றும் பின்னதை பேடு என்றும் எழுதுகிறேன். ராகுல் வழக்கே அந்தக் குழப்பத்தில்தான் நடந்தது.

2024 நவம்பர் 22. ராகுல் 26 ரன். ஸ்டார்க்கின் பந்து கீப்பரிடம் போகிறது. கள நடுவர் கெட்டில்பரோ நாட் அவுட் என்கிறார், ஆஸ்திரேலியக் கேப்டன் கம்மின்ஸ் ரிவ்யூ கேட்கிறார், அதாவது திரையைப் பார்க்கும் மூன்றாவது நடுவரிடம் முறையிடுகிறார். பந்து மட்டையைக் கடக்கும்போது துடிப்பு வருகிறது. கிட்டத்தட்ட அதே வேளையில் மட்டை பேடில் உரசுகிறது.

இந்த "கிட்டத்தட்ட" எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தரையில் பட்டு எழுந்த வேகப்பந்து நொடிக்கு 35 மீட்டர் அளவில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 50 படம் எடுக்கும் சாதாரணக் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பந்து 70 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதிவேகக் கேமரா இல்லாமல் "இந்த நொடியில் பந்து மட்டைக்கு நேராக இருந்தது" என்று சொல்லவே முடியாது. ஒலிக்கும் தாமதம் உண்டு. ஸ்டம்பில் இருக்கும் மைக்குக்கும் மட்டைக்கும் ஒன்றரை மீட்டர் என்றால் சத்தம் வந்து சேர ஆயிரத்தில் நான்கைந்து பங்கு நொடி ஆகும். அது சிறிய தாமதம்தான். இரண்டு உரசல்கள் நெருங்கி நடக்கும்போதுதான் சிக்கல். மைக்குக்கு மட்டையில் பந்து பட்டதா, பேடில் மட்டை பட்டதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. முதல் துடிப்பு பந்தால் வந்தது என்றால், பேடு உரசலுக்கு இன்னொரு துடிப்பு தொடர்ந்து வரவேண்டும். காட்சியை அதுவரை உருட்டிப் பார்த்திருக்கலாம். மட்டைக்கும் பேடுக்கும் இடைவெளியைக் காட்டும் முன்பக்கக் கோணமும் மூன்றாவது நடுவர் இல்லிங்வொர்த்துக்குத் தெளிவாகக் கிடைக்கவில்லை. களத் தீர்ப்பை மாற்ற ஐயத்துக்கு இடமில்லாத சான்று வேண்டும் என்பது விதி. ராகுல் தொட்டிருக்கலாம். சைமன் டாஃபல் போன்ற பெரிய அம்பயர் தொட்டதாகவே கருதினார். என் குறை வேறு: அந்த நேரத்தில் கையில் இருந்த சான்று, நாட் அவுட்டைப் புரட்டிப்போடப் போதாது.

மெல்போர்ன் வேறு கதை. டிசம்பர் 30, ஐந்தாம் நாள், இலக்கு 340. ஜெய்ஸ்வால் 84-ல் இருக்கிறார். கம்மின்ஸ் லெக் பக்கம் போட்ட ஷார்ட் பந்தைச் சுழற்றி அடிக்கப் போகிறார், கீப்பர் கேரி பிடிக்கிறார், கள நடுவர் ஜோயல் வில்சன் நாட் அவுட் என்கிறார், ரிவ்யூ போகிறது. மூன்றாவது நடுவர் ஷர்புத்தௌலா ரீப்ளேயில் பந்து திசை மாறுவதைப் பார்க்கிறார். ஸ்னிக்கோ கோடு தட்டையாகக் கிடக்கிறது. அவர் அவுட் கொடுக்கிறார்.

மூன்றாவது நடுவர் பார்க்கும் வரிசையை நினைவில் வையுங்கள். நோ-பால் முதலில், பிறகு ரீப்ளே, அதன் பிறகே ஒலி. படத்தில் விலகல் தெளிவாகத் தெரிந்தால் ஒலி அதை ரத்து செய்ய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கையுறையிலோ மட்டையின் முகத்திலோ மென்மையாகத் தடவிப்போகும் பந்து மைக்கில் பதியாமல் போகலாம், அதுவும் பந்து ஸ்டம்பைவிட நல்ல உயரத்தில் போகும்போது. இப்படிப்பட்ட உரசலுக்கு உதவக்கூடியது வெப்பத்தைப் படம்பிடிக்கும் ஹாட்ஸ்பாட். அந்தத் தொடரில் அது இல்லை.

எதிர்வாதமும் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. மட்டையைக் கடந்த பிறகு பந்து காற்றில் வளைவது நடக்கக்கூடியதே. பின்பக்கக் கேமராவில் அது விலகல் போலவே தோன்றும். பிரித்தறிய ஒரு வழி: வளைவு சிறிது சிறிதாக வரும், உரசல் மட்டையருகே சட்டென்று முறியும். பந்தின் தையல் சுழலும் விதமும் அந்த இடத்தில் மாறும். ஜெய்ஸ்வால் பந்தில் மாற்றம் சட்டென்று, கையருகே வந்தது. கவாஸ்கர் வர்ணனையில் கடுமையாக எதிர்த்தார், டாஃபல் தீர்ப்பு சரி என்றார். தொட்டது போலத்தான் தெரிந்தது என்று ஆட்டம் முடிந்ததும் ரோஹித்தே ஒப்புக்கொண்டார். தவிர, 121-க்கு 3 என்றிருந்த இந்தியா கடைசி ஏழு விக்கெட்டை 34 ரன்னுக்கு இழந்தது. பந்த், ஜடேஜா, நிதிஷ் மூவரும் ஜெய்ஸ்வாலுக்கு முன்பே போயிருந்தார்கள். அந்த மூன்றும் யாரும் தகராறு செய்ய முடியாத கேட்ச்.

"கருவி எதற்கு" என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல சான்று 2025 டிசம்பரில், அடிலெய்டு ஆஷஸ் டெஸ்டில் கிடைத்தது. கேரி 72-ல் இருக்கிறார். துடிப்பு வருகிறது, ஆனால் பந்து மட்டையை அடைவதற்கு முன்பே வருகிறது. பொருந்தவில்லை என்று நாட் அவுட் நின்றது, அவர் 106 வரை போனார். இயக்கியவர் பந்துவீசும் முனையின் மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று ஸ்னிக்கோவை நடத்தும் நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. இங்கிலாந்துக்கு இழந்த ரிவ்யூ திரும்பக் கிடைத்தது. கருவிக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்து பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறார் என்பது நமக்கு அடிக்கடி மறந்துபோகிறது. அன்று மூன்றாவது நடுவரைத் திட்டியவர்கள் தவறான முகவரிக்குக் கடிதம் போட்டவர்கள்.

எல்பிடபிள்யூ ரிவ்யூவில் கள நடுவர் சொன்னதே நிற்கும் "அம்பயர்ஸ் கால்" பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் சுருக்கமாக. பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 7.2 சென்டிமீட்டர். பேடில் பட்டபின் பந்து போகும் பாதை படம் அல்ல, கணிப்பு. கணிப்பில் பிழை உண்டு என்பதால் பந்து ஸ்டம்ப் பரப்பைத் தொட்டாலும் பாதிக்கும் குறைவாகவே உள்ளே விழுந்தால் களத் தீர்ப்பு நிற்கும். 2021-ல் கும்ப்ளே தலைமையிலான ஐசிசி குழு இதை மறுபடி பரிசீலித்து, இருக்கட்டும் என்றே விட்டது. ஒரே பந்துக்கு ஒருவர் அவுட், இன்னொருவர் நாட் அவுட் ஆவது கண்ணுக்கு உறுத்தலாகத்தான் இருக்கும். ஆனால் ரசிகர்கள் அதிகம் கோபப்படவேண்டியது ரிவ்யூவை வீணடிக்கும் கேப்டன்கள்மீது. 2019 ஹெடிங்லியில் இங்கிலாந்துக்கு 2 ரன் தேவை, கையில் ஒரே விக்கெட். லயன் பந்தில் ஸ்டோக்ஸ் எல்பிடபிள்யூ, ஜோயல் வில்சன் மறுத்தார், ஸ்டம்பில் அடித்திருக்கும் என்று பிறகு திரையில் தெரிந்தது. ஆஸ்திரேலியா சற்று முன்புதான், லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்திய கம்மின்ஸ் பந்துக்குக் கடைசி ரிவ்யூவைச் செலவழித்திருந்தது.

அதே 2024-25 தொடரின் சிட்னி டெஸ்ட். கோலி சந்தித்த முதல் பந்து, போலண்ட், எட்ஜ். ஸ்மித் பாய்ந்து ஒரு கையால் தட்டிவிட லபுஷேன் பிடித்தார். பந்து புல்லில் பட்டது என்று மூன்றாவது நடுவர் சொல்லிவிட்டார், கோலி தப்பினார். ஸ்மித் இல்லவே இல்லை என்று சாதித்தார். இது ஏன் உங்கள் குழுவில் யாருக்கும் நினைவில் இல்லை என்று கேட்டுப் பாருங்கள்.

இனி ஃபார்ம். கோலி கிடைத்த வாழ்வில் 17 எடுத்தார், மறுபடி போலண்ட் பந்தில், மறுபடி ஸ்லிப் பக்கம். அந்தத் தொடரில் 9 இன்னிங்ஸில் 190 ரன், அதில் 100 பெர்த்தின் இரண்டாம் இன்னிங்ஸில் மட்டும். எட்டு முறை அவுட். எட்டும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்தில், எட்டும் மட்டைக்குப் பின்னால் கேட்ச். ரோஹித் 5 இன்னிங்ஸில் 31 ரன். ஆனால் அவர் ஒரு முறை எல்பிடபிள்யூ, ஒரு முறை போல்டு, ஒரு முறை கீப்பர் கேட்ச், ஒரு முறை சரியாகச் சிக்காத புல் ஷாட், ஒரு முறை கல்லி.

உங்கள் குழு இருவரையும் ஒரே பட்டியலில் போட்டது. எனக்கு இவை இரண்டு வெவ்வேறு நோய்கள். ஒரே வழியில் திரும்பத் திரும்ப அவுட் ஆகிறவரிடம் ஒரு பழக்கம் கெட்டிருக்கிறது: கால் முன்னே போய்விடுகிறது, கை உடம்பைவிட்டு விலகிப் பந்தைத் துரத்துகிறது. எதிரணிக்கு அது தெரியும், நான்காவது ஸ்டம்பில், அதாவது ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே, குத்திக்கொண்டே இருப்பார்கள். இதற்கு மருந்து உண்டு, கசப்பாக இருந்தாலும். டெண்டுல்கர் 2004 சிட்னியில் கவர் டிரைவையே ஒதுக்கிவைத்துவிட்டு 436 பந்தில் 241 அடித்து அவுட் ஆகாமல் நின்றார். ஒவ்வொரு முறையும் வேறு வழியில் அவுட் ஆகிறவரிடம், பந்து எங்கே குத்தும் என்ற நீளத்தைப் படிப்பதே தாமதமாகியிருக்கும். ஒரு ஷாட்டை ஒதுக்குவதால் அது சரியாகாது. ரோஹித் சிட்னியில் தானே விலகி உட்கார்ந்ததை நான் அப்படித்தான் படித்தேன்.

ஒருநாள் ஆட்டத்தின் வெள்ளைப் பந்து வேறு விஷயம். அது அதிக நேரம் ஸ்விங் ஆகாது, ஸ்லிப்பில் ஆள் குறையும். அதனால்தான் அடுத்த இரண்டு மாதத்திலேயே ரோஹித் கட்டாக்கில் 119, சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் 76, கோலி துபாயில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 100. அதைப் பார்த்து "பார்த்தாயா, ஃபார்ம் வந்துவிட்டது" என்று கொண்டாடியவர்கள் டெஸ்டைப் பற்றிப் பேசவில்லை. 2025 மே மாதம் ஐந்து நாள் இடைவெளியில் இருவரும் டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றார்கள்.

"சதம் அடித்து எத்தனை நாள்" என்ற கடிகாரத்தைத் தூக்கிப்போடுங்கள். கோலிக்கு 2019 நவம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரை 1020 நாள் அந்தக் கடிகாரம் ஓடியது. அதற்குள்ளேதான் 2022 ஜனவரி கேப்டவுனில் அணி 223-க்குச் சுருண்டபோது அவர் மட்டும் 201 பந்து நின்று 79 எடுத்தார். பல சதங்களைவிட அது நல்ல ஆட்டம். பூஜ்யங்களையும் எண்ணாதீர்கள்: பிராட்மன் 80 இன்னிங்ஸில் 7 பூஜ்யம். பதிலாக ஒரு நோட்டில் பத்து இன்னிங்ஸுக்கு எழுதுங்கள்: எத்தனை பந்து சந்தித்தார், யார் பந்தில், எந்த நீளத்தில், கால் முன்னேயா பின்னேயா, எப்படி அவுட், அதற்குமுன் எத்தனை முறை அடித்தும் சிக்காமல் போனது. ரன் கடைசிப் பத்தியில் இருக்கட்டும். 20 ரன்னில் அருமையான பந்துக்குப் போனவரும், மூன்று கேட்ச் தவறி 60 எடுத்தவரும் உங்கள் நோட்டில் வேறாகத் தெரிவார்கள்.

உங்கள் அக்கா மகனுக்கு 2011 ஆகஸ்ட், ஓவல் டெஸ்டைக் காட்டுங்கள். டெண்டுல்கர் 91. அவருடைய நூறாவது சர்வதேசச் சதத்துக்கு நாடே காத்திருந்தது. பிரெஸ்னன் பந்தில் ராட் டக்கர் எல்பிடபிள்யூ கொடுத்தார். பந்து லெக் ஸ்டம்பைத் தாண்டிப் போயிருக்கும் என்று பிரெஸ்னனே பிற்பாடு சொன்னார். தனக்கும் டக்கருக்கும் கொலை மிரட்டல்கள் வந்ததையும், டக்கருக்குப் போலீஸ் காவல் தேவைப்பட்டதையும் 2020-ல்தான் வெளியே சொன்னார். அன்று டெண்டுல்கர் ஏன் ரிவ்யூ கேட்கவில்லை? கேட்கமுடியாது. அந்தத் தொடரில் எல்பிடபிள்யூவுக்கு ரிவ்யூவே இல்லை. பந்தின் பாதையைக் கணிக்கும் கருவி வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றது நம் கிரிக்கெட் வாரியம். 2016 நவம்பர் ராஜ்கோட் டெஸ்ட் வரை அந்தப் பிடிவாதம் நீடித்தது. பையன் கோபப்படட்டும், ஆனால் யாரிடம் என்று ஒரு நிமிடம் தேடிவிட்டுக் கோபப்படட்டும். தேடும்போது ஷர்புத்தௌலா எந்த ஊர்க்காரர் என்பதை விட்டுவிடச் சொல்லுங்கள். மெல்போர்ன் முடிந்த அன்று வந்த வசைகளில் பல அவர் வங்கதேசத்தவர் என்பதைப் பற்றியே இருந்தன. பெர்த்தில் புரட்டிய இல்லிங்வொர்த் இங்கிலாந்துக்காரர், அவர் புரட்டியது இன்னொரு இங்கிலாந்துக்காரரின் தீர்ப்பை.

அன்புடன்.