தொப்பைக்கு ஒரு சட்டம்

கேள்வி: அமெரிக்காவில் போலீஸ்காரர்களின் பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்கும் தனிச் சட்டங்களே இருக்கின்றனவாம். நம் மலேசியப் போலீஸ்காரர்களின் தொப்பையைக் குறைக்கவாவது நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் கொண்டுவர மாட்டார்களா?
தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தொப்பையை ஏன் ஐயா வம்புக்கு இழுக்கிறீர்கள்? அது என்ன போலீஸின் தனிச்சொத்தா? நம் சங்கங்களின் ஆண்டுக்கூட்டத்தில் முதல் வரிசையை ஒருமுறை பாருங்கள். இரண்டு சுற்று வரவேண்டிய பொன்னாடை ஒரு சுற்றோடு மூச்சு வாங்கி நின்றுவிடும். அவர்களுக்குச் சட்டம் கேட்டு யாரும் இந்தப் பகுதிக்கு எழுதியதில்லை. பொன்னாடையைத் தடை செய்யுங்கள் என்று நான் எழுதினால் மட்டும் நாலு பக்கத்துக்கு மறுப்புக் கடிதம் வரும்.

போலீஸ்காரரின் தொப்பைக்குக் காரணம் உண்டு. ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் இரவு ஷிப்ட். எப்போது பசிக்க வேண்டும் என்பது வயிற்றுக்கே மறந்துவிடும். அதிகாலை மூன்று மணிக்குத் திறந்திருப்பது மாமாக் கடை ஒன்றுதான். அங்கே கிடைப்பது ரொட்டி சானாயும், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும். சாப்பிட்டு முடித்ததும் ரோந்துக் காரில் உட்கார வேண்டும். இடுப்பு வாரில் துப்பாக்கி, தோட்டா, விலங்கு, தடி, வாக்கி டாக்கி என்று சில கிலோ தொங்கும். முன்பக்கம் தொப்பை இழுக்க, சுற்றிலும் வார் இழுக்க, முதலில் கெடுவது கீழ் முதுகு. பாதிச் சுமையைத் தோளில் ஏற்றும் அங்கி கொடுத்தால் வலி குறையும். சட்டம் தேவையில்லை, கொள்முதல் அதிகாரியின் கையெழுத்து போதும்.

அமெரிக்கச் சட்டம் தொப்பையை நேரடியாகத் தொடவில்லை, நெஞ்சைத் தொட்டது. கடமையில் இறந்த காவலரின் குடும்பத்துக்கு உதவித்தொகை தர 1976ல் சட்டம் வந்தது. கடுமையான பணி முடிந்து 24 மணி நேரத்துக்குள் மாரடைப்பு வந்து இறந்தால் அதையும் கடமை மரணமாகக் கருத 2003ல் வழி செய்தார்கள். மேசையில் உட்கார்ந்து பைல் புரட்டியது கடுமையான பணி ஆகாது என்றும் எழுதி வைத்தார்கள். 2022ல் இன்னொரு படி ஏறினார்கள். பணியில் கொடூரமானதைப் பார்த்துவிட்டு 45 நாளுக்குள் தற்கொலை செய்துகொண்ட காவலரின் குடும்பமும் கேட்டுப் பெறலாம். இந்த 24, இந்த 45 இருக்கிறதே, அதற்குப் பெயர்தான் சட்டம். ‘நலம் பேணப்படும்’ என்று எழுதுவது வாழ்த்து அட்டை.

குண்டு துளைக்காத அங்கிக்கும் 1998ல் ஒரு சட்டம் போட்டார்கள். விலையில் பாதி வரை மத்திய அரசு தரும். வாங்கியவர்களில் சிலர் அலமாரியில் பூட்டினார்கள். சீருடையில் இருப்பவர் அதைப் போட்டே ஆக வேண்டும் என்று எழுத்தில் விதி வைத்திருந்தால்தான் பணம் என்று 2011ல் கயிற்றை இறுக்கினார்கள். அதற்கு முன்பே சைலான் என்ற செயற்கை இழையின் கூத்தும் நடந்தது. அந்த இழையில் செய்த அங்கியை 2003ல் பென்சில்வேனியாவில் ஒரு தோட்டா துளைத்தது. சூட்டிலும் ஈரத்திலும் அந்த இழை நைந்துபோகும் என்று பிறகு தெரிந்தது. நம் ஊரில் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பஞ்சமா? ஆகவே எந்த இழை அங்கியானாலும் கார் பின்பெட்டியில் போட்டு வேகவைக்கக் கூடாது. மடித்து வைக்கக் கூடாது. மேலுறையை மட்டும் கழற்றித் துவைக்க வேண்டும், உள்தகட்டை ஈரத்துணியால் துடைத்தால் போதும். இன்னொன்று, தோட்டாவைத் தடுக்கும் மென் அங்கி கூர்முனையைத் தடுக்காது. கத்திக்குத்துக்கு வேறு தரம், வேறு அங்கி. பாராங் கத்தியும் செம்பனை அரிவாளும் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

துப்பாக்கி, பாராங் இரண்டையும் விட இங்கே எனக்குப் பயம், ரோட்டோரம் ராத்திரி நிற்கும் காவலருக்குத்தான். 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் செம்பனை லாரி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கும். காருக்குப் பின்னால் பத்து மீட்டரில் கூம்பு வைப்பது கண்துடைப்பு. நூறு மீட்டரில் வைத்தால் ஓட்டுநருக்கு நான்கு நொடி கிடைக்கும், அவர் விழித்திருந்தால். காவலரும் விழித்திருக்க வேண்டுமே! 17 மணி நேரம் தூங்காதவரின் கவனம், ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மது ஏறியவரின் கவனம் போல மங்குகிறது என்கின்றன ஆய்வுகள். 2020ல் நம் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் ஓட்டுநரின் மது அளவுக்கு 80லிருந்து இறக்கி வைத்த எல்லையும் அதே 50தான். இரட்டை ஷிப்ட் பார்த்தவர் குழாயை நீட்டி ‘ஊது’ என்கிறார். இருவரில் யார் ஊத வேண்டும்?

சரி, சட்டம் வருமா என்று கேட்டீர்கள். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டு வேலை, ஆயுதப் படை, கப்பல் வேலை இவற்றுக்குத்தான் விலக்கு. போலீஸுக்கு இல்லை. ஆனால் எழுதியவர்கள் போலீஸை நினைத்து எழுதவில்லை. உடனடி ஆபத்தை முதலாளி நீக்காவிட்டால் தொழிலாளி விலகிப் போகலாம் என்கிறது 26ஏ பிரிவு. கொள்ளைக்காரன் எதிரே நிற்கும்போது சார்ஜன் இந்தப் பிரிவைப் படித்துக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் எப்படி இருக்கும்? போலீஸுக்கென்று தனி விதி வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அதில் முதல் வரி தூக்க நேரமாக இருக்கட்டும், தொப்பை தானே இறங்கும்.

அதுவரை உங்கள் தோட்டத்து ஜாகாவைக் கவனியுங்கள். அவரும் காவல்காரர்தான், அவருக்காக யார் கேட்கிறார்கள்? ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்தாக வேண்டும். அபாய மதிப்பீடும் செய்திருக்க வேண்டும். ஆபீஸ் கிராணியிடம் அந்தத் தாளைக் கேளுங்கள். ஜாகா தனியாகச் சுற்றும் நேரம், டார்ச் லைட், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை போனில் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் யார் போய்ப் பார்ப்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.