பறவைகள் குறைந்தனவா, எண்ணும் விதம் மாறியதா?

கேள்வி: குறிஞ்சிப்பாடிக்கு அருகிலுள்ள ஒரு பாசன ஏரியில் எங்கள் கல்லூரி விலங்கியல் துறை மாணவர்களைக் கொண்டு இரண்டு ஆண்டுகளாக நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறோம். முதல் ஆண்டு தை மாதத்தில், பன்னிரண்டு மாணவர்கள் காலையில் எண்ணியபோது ஏறத்தாழ 2,400 பறவைகள் இருந்தன. அடுத்த ஆண்டு தேர்வுகள் காரணமாக மாசியில்தான் போக முடிந்தது. ஐந்து பேர் பிற்பகலில் எண்ணினோம். 1,500 மட்டுமே கிடைத்தன. அவ்வாண்டு ஏரியில் தண்ணீரும் கூடுதல். பறவைகள் குறைந்துவிட்டன என்று அறிக்கை தரலாமா? இனி எப்படி எண்ணுவது நல்லது?
– கல்லூரி ஆசிரியர் ஒருவர், கடலூர்

பதில்: அப்படி ஓர் அறிக்கையை இப்போது தர வேண்டாம். ஏரியில் இருந்த பறவைகள் வேறு, உங்கள் மாணவர்கள் கண்ணில் பட்டவை வேறு. எடுத்துக்காட்டாக, இரண்டு ஆண்டுகளிலும் அங்கே சரியாக 3,000 பறவைகளே இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு நூற்றுக்கு எண்பதும், அடுத்த ஆண்டு நூற்றுக்கு ஐம்பதும் கண்ணில் பட்டிருந்தால், உங்களுக்குக் கிடைத்த 2,400, 1,500 என்ற அதே எண்கள்தான் வரும். ஒரு பறவைகூடக் குறைந்திருக்காது. மாதம், நேரம், ஆள் பலம், நீர்மட்டம் ஆகிய நான்கும் ஒரே சமயத்தில் மாறியிருக்கும்போது, எது எவ்வளவு குறைத்தது என்று பின்னர் பிரித்துப் பார்க்க எந்தப் புள்ளியியலும் உதவாது.

இது கல்லூரி அளவில் மட்டும் நேரும் சிக்கலும் அன்று. இந்தியாவில் புலிகளை நெடுங்காலம் காலடித் தடங்களைக் கொண்டு எண்ணினார்கள். 2001–02 கணக்கெடுப்பில் 3,642 என்று வந்தது. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலிகளே இல்லை என்பது 2005-இல் வெளிப்பட்ட பின், தானியங்கிக் கேமராக்களையும் புள்ளியியலையும் சேர்த்த புதிய முறைக்கு மாறினார்கள். 2006-ஆம் ஆண்டு மதிப்பீடு 1,411. புலிகள் அழிந்துகொண்டிருந்தது உண்மைதான் என்றாலும், இவ்விரு எண்களையும் கழித்து 'நான்கே ஆண்டுகளில் 2,231 புலிகள் போயின' என்று சொல்ல முடியாது. ஏனெனில் அளவுகோலே மாறிவிட்டது.

உங்கள் ஏரிக்கு வருவோம். பிற்பகலில் எண்ணியது பெரிய பிழை என்று கருதுகிறேன். நம் பகுதி நிலம் கடலை நோக்கிக் கிழக்கே சரிவதால், பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கத்தில்தான் இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகில் விழும். நீலச்சிறகி என்னும் வாத்தின் புருவக்கோடுகூடத் தெரியும். பிற்பகலில் அதே இடத்தில் நின்றால் வெயில் முகத்தில் அடிக்கும், நீர்ப்பரப்பு முழுதும் கண் கூசும், வாத்துகளும் நாமக்கோழிகளும் ஒரே கறுப்புப் புள்ளிகளாகிவிடும். போதாததற்கு, மாசியின் பின்பாதியில் வலசைப் பறவைகளில் சில வடக்கே கிளம்பத் தொடங்கியிருக்கும்.

நீர்மட்டம் இன்னும் நுட்பமான விஷயம். பவளக்கால் உள்ளானும் சிறு உள்ளான்களும் கணுக்கால் அளவு நீரிலும் சேற்றிலும்தான் இரை தேட முடியும். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறினால் அவை பக்கத்து வயல்களுக்கோ உப்பங்கழிகளுக்கோ போய்விடும்; உயிரோடும் நலமாகவும் இருக்கும், உங்கள் தாளில் மட்டும் இருக்காது. அதே ஆழத்தில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் கூடக்கூடும். ஆகவே மொத்த எண்ணிக்கையை ஒரே தொகையாகக் கொடுக்காமல், இரை தேடும் விதத்தைக் கொண்டு பறவைகளைக் குழுக்களாகப் பிரித்து, மதகில் உள்ள அளவுக் கல்லில் அன்றைய நீர்மட்டத்தையும் குறித்துவையுங்கள். அளவுக் கல் இல்லையென்றால் மதகுச் சுவரில் நீங்களே ஒரு நிரந்தரக் குறி வைத்துக்கொள்ளலாம். மழையை மட்டும் நம்பாமல், நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீரையும் பெறும் ஏரிகள் உங்கள் வட்டாரத்தில் உள்ளன. அத்தகைய ஏரியாக இருந்தால், மழையளவைப் பார்த்து நீர்மட்டத்தை ஊகிக்கவே கூடாது.

இனி எண்ணும்போது, கரையில் ஒன்றின் பார்வைப் பரப்பு மற்றொன்றின்மேல் விழாதபடி நான்கைந்து நிலைகளைத் தேர்ந்து, பனைமரம், மதகு போன்ற அசையாத அடையாளங்களால் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலையிலும் எத்தனை நிமிடம், எத்தனை பேர், எந்தத் தொலைநோக்கி என்பதை ஒருமுறை முடிவு செய்தால் ஆண்டுதோறும் அதை மாற்றக் கூடாது. பன்னிரண்டு பேர் வந்தாலும் எண்ணுபவர்கள் நிலைக்கு இருவரே. மற்றவர்கள் எழுதட்டும், கற்கட்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடந்து வருகிறது. நீங்களும் அம்மாதத்தையே பிடித்துக்கொண்டால் உங்கள் தரவு பிற இடங்களின் தரவோடு ஒப்பிடத் தக்கதாகும். ஒரே நாளை நம்பாமல், டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி தொடக்கம் வரை மூன்று முறையாவது எண்ணுங்கள். அம்மூன்றுக்கும் இடையே உள்ள ஏற்ற இறக்கத்தைப் பார்த்த பிறகு, ஆண்டுகளுக்கிடையே தெரியும் வேறுபாட்டைக் கண்டு அவ்வளவாகப் பதற மாட்டீர்கள்.

பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்து அல்லது ஐம்பது பறவைகளை முதலில் எண்ணி, அந்த அளவைக் கண்ணில் நிறுத்தி, கூட்டத்தில் அப்படி எத்தனை பங்குகள் என்று பார்க்க வேண்டும். பயிற்சியில்லாதவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவார்கள். இதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் பயிற்சி எளியது: வெள்ளைத் துணியில் ஒரு கை உளுந்தை வீசி, பத்து விநாடி மட்டும் பார்த்து மதிப்பைச் சொல்லச் செய்து, பிறகு எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் யார் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது தெரிந்துவிடும். (உளுந்தைப் பிறகு வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.)

நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடுகள் இருந்தால், அவற்றுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. இருவர் ஒருவரோடொருவர் பேசாமல், தனித்தனி வரைபடத்தில் கூடுகளைக் குறிக்க வேண்டும். ஒருவர் 40, மற்றவர் 36, இருவருமே குறித்தவை 30 என்றால், 40-ஐ 36-ஆல் பெருக்கி 30-ஆல் வகுக்க, 48 கூடுகள் என்ற மதிப்பீடு கிடைக்கும். இருவர் கண்ணுக்கும் தப்பியவற்றையும் இது சேர்த்துச் சொல்கிறது. வாத்துகளுக்கு வளையமிட்டு அவற்றின் தொகையை மதிப்பிட அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிரடெரிக் லிங்கன் 1930-இல் கையாண்ட கணக்கும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். ஆனால் வளையமிடாமல், பறந்து இடம் மாறும் கூட்டங்களுக்கு இந்த வரைபட முறையைப் பயன்படுத்தாதீர்கள். நகராத கூடுகளுக்கே இது பொருந்தும்.

பிற்காலத்தில் புதுவை ஊசுட்டேரிபோல் இரு மாநில எல்லையில் பரந்து கிடக்கும் நீர்நிலைக்குப் போனால், இரு பக்கமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். இல்லையென்றால் ஒரே கூட்டம் இரு தாள்களிலும் ஏறிவிடும். அது சரணாலயம் ஆதலால், ஆய்வுக்காக உள்ளே செல்ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியும் தேவை.

இதுவரை சேர்த்த தரவை எறிந்துவிட வேண்டாம். எந்தெந்த இனங்கள் காணப்பட்டன என்ற பட்டியல் அப்படியே பயன்படும். எண்களைக் கொடுக்கும் இடத்தில், தேதி, நேரம், ஆட்கள், நீர்மட்டம் ஆகியவற்றை இரு ஆண்டுகளுக்கும் அட்டவணையிட்டு, 'இவை ஒரே முறையில் எடுக்கப்படாதவை. ஏற்றத்தையோ இறக்கத்தையோ காட்டுவனவாகக் கொள்ளத்தக்கவை அல்ல' என்று அதன் கீழே எழுதிவிடுங்கள். வரும் தை மாதக் கணக்கெடுப்பை உங்கள் முதல் ஆண்டாக வைத்துக்கொள்ளலாம்.