பொங்கலுக்கு வந்த மகனும் மூன்று ஏக்கர் நஞ்சையும்

கேள்வி: அமெரிக்காவில் வேலை செய்யும் என் மகன் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் பொங்கலுக்கு வந்திருந்தான். தார்ச்சாலையில் காயவைத்த சம்பா நெல்லைப் பலகையால் தள்ளிக்கொண்டிருந்த 74 வயதுத் தந்தை, மூச்சிரைத்துப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்ததைக் கண்டதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் அவன் பெயருக்கு, எங்கள் மூன்று ஏக்கரை இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி வட்டம்

பதில்: அவசரப்பட வேண்டாம், அம்மா. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் விதிகளின்படி, வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவோ தானமாகப் பெறவோ பொது அனுமதி கிடையாது. ஆனால், இங்கே குடியிருக்கும் பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக அடையலாம். ஆகவே, உயிரோடிருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்க நம் பக்கத்தில் வழக்கமாக எழுதும் தான செட்டில்மென்ட் பத்திரத்தைவிட, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உயிலே உங்களுக்குப் பொருந்தும். அதைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும், செய்துவிடுவது நல்லது. நிலத்தின் உரிமையாளர் தம் ஆயுள்வரை அதை மாற்றியும் எழுதலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள், ஏனெனில் பல வீடுகளில் அது இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது.

வேலைவாய்ப்பு வழியிலான கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு என்ற வரம்பு இருப்பதால் இந்தியர்களின் காத்திருப்பு மிக நீளமானது. ஆறு ஆண்டுகள் மகன் வராததைப் பாசக்குறைவாக எண்ணி மனம் நோகாதீர்கள். நிலத்தைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது அந்த மூச்சிரைப்புதான். மகன் விமானம் ஏறுவதற்குள் அவரை இதய மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.